முந்திரிக் கணக்கைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்க, தமிழை ஆங்கிலமாக்கித்தான் ஆக வேண்டுமா?

கெடிலக்கரை (கடலூர்) – கேள்வி

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் தம்பியுமாக இரண்டே பேர் நடத்தும் சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்து முந்திரி வியாபாரிகள் சிலருக்குக் கொள்முதல் கணக்கு, பற்று வரவுப் பேரேடு, கொட்டை உடைக்கும் பெண்களுக்கான கூலிச் சிட்டை ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் நிரலை 2009 முதல் பராமரித்து வருகிறோம். பழைய பதிவுகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும், 2016க்குப் பிறகு வந்தவை யூனிகோடு எனப்படும் ஒருங்குறியிலும் இருக்கின்றன.

அந்த வியாபாரிகளில் ஒருவர், தம் பேரன் கைப்பேசியில் எதையெதையோ கேட்டுப் பதில் வாங்குவதைப் பார்த்துவிட்டு, தம் கணக்கையும் அப்படிக் கேட்க முடியாதா என்கிறார். அவர் கேட்க விரும்பும் கேள்வியை அவர் சொன்னபடியே தருகிறேன்: "தானே புயலுக்கு முந்தின ரெண்டு பருவத்துல கொள்ளுக்காரன்குட்டையிலேருந்து எத்தனை மூட்டை கொட்டை வந்துச்சு, போன பருவத்துல எத்தனை?" 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அந்தப் புயலில் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்த கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக நட்ட மரங்கள் பழைய காய்ப்புக்கு வந்துவிட்டனவா என்பதைத் தம் பேரேட்டைக் கொண்டே தெரிந்துகொள்ள நினைக்கிறார், நியாயமான ஆசைதான்.

இரண்டு வழிகளில் முயன்று பார்த்தேன். முதலில், உரிய பருவங்களின் பதிவுகளை அப்படியே தமிழில் ஒரு மொழி மாதிரிக்கு (கேள்விக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு நிரல்) அனுப்பி, கீழே கேள்வியையும் சேர்த்தேன். பதில் வந்தது; ஆனால் அதே பதிவுகளை ஆங்கிலத்தில் அனுப்பினால் ஆகும் டோக்கன் (கட்டணத்துக்காக உரையை எண்ணும் துண்டு) கணக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. நாங்கள் வாங்கும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் இந்தச் செலவு கட்டாது. பிறகு, எல்லாவற்றையும் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்தில் கேட்டு, விடையைத் தமிழாக்கிப் பார்த்தேன். செலவு குறைந்தது, கணக்கு கெட்டது. எங்கள் வியாபாரிகள் முந்திரிப் பருப்பை வெறும் "பருப்பு" என்றுதான் எழுதுவார்கள். அது துவரை, உளுந்து வகையறாவாக மாறிப்போனது. "கைமாற்று" என்பது கடன் என்றே அதற்குப் புரியவில்லை, ஏதோ பண்டமாற்று என்று எடுத்துக்கொண்டது. இவற்றையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் "ஒன்றேகால் மூட்டை" ஆங்கிலத்தில் ஒன்றரை ஆகிவிட்டது. எண்பது கிலோ மூட்டைக்கு ஒன்றேகால் என்றால் நூறு கிலோ, ஒன்றரை என்றால் நூற்றிருபது. ஒரு வரியில் இருபது கிலோ தவறினால் ஒரு பருவம் முழுவதற்கும் எங்கே போய் நிற்கும்?

என் கேள்வி இதுதான். இந்த இரண்டு வழிகளில் எதைச் சரிசெய்து பயன்படுத்துவது? தமிழில் நேரடியாகக் கேட்டால் செலவு கூடுவதற்கு உண்மையான காரணம் என்ன, அது குறையக்கூடியதா?

---

முத்தியால்பேட்டையான் (புதுச்சேரி) – மறுமொழி

கேள்வியின் பிற்பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முற்பகுதிக்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் வருவார்கள்.

மொழி மாதிரிக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. நாம் அனுப்பும் உரை முதலில் டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ரேஷன் கடை டோக்கனைப் போலவே இங்கும் எண்ணிக்கைக்குத்தான் காசு. பெரும்பாலான மாதிரிகள் இந்த வெட்டும் வேலைக்குப் பயன்படுத்தும் முறையின் வேர், 1994இல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய ஓர் உத்தி. அடிக்கடி அடுத்தடுத்து வரும் இரண்டு பைட்டுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிற்றலகு) ஒன்றாக ஒட்டு, ஒட்டியதை மீண்டும் பக்கத்தில் வருவதோடு ஒட்டு, இப்படியே போய்க்கொண்டிரு என்பதே அதன் சாரம். எந்த மொழி உரை பயிற்சியில் நிறைய இருந்ததோ அந்த மொழியின் முழுச் சொற்கள் ஒரே துண்டாக ஒட்டிக்கொள்ளும். குறைவாக இருந்த மொழிக்குச் சில்லறைதான் மிஞ்சும்.

தமிழுக்கு இதில் தொடக்கத்திலேயே ஒரு பாரம் இருக்கிறது. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. உங்கள் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: "முந்திரி" என்பதில் மெய்யுருக்கள் நான்கு, உயிர்க்குறிகள் மூன்று, புள்ளி ஒன்று, ஆக எட்டுக் குறிகள், 24 பைட்டுகள். அதற்கான ஆங்கிலச் சொல்லுக்கு ஆறே பைட்டுகள். இந்த 24 பைட்டுகளில் எத்தனை ஒன்றோடொன்று ஒட்டின என்பது வெட்டும் கருவியின் சொற்பட்டியலைப் பொறுத்தது. 2019இல் வந்த ஜிபிடி-2இன் பட்டியலில் 50,257 துண்டுகள்தான் இருந்தன. அதில் ஒரு தமிழ் எழுத்தே இரண்டு மூன்றாக உடைந்துவிடும்.

நிலைமை மாறியிருக்கிறது என்பதுதான் உங்களுக்கான நல்ல செய்தி. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது, பட்டியலை ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகப் பெருக்கியது. ஒரே வாக்கியத்தைப் பல மொழிகளில் எழுதி அவர்களே காட்டிய ஒப்பீட்டில், தமிழ் வாக்கியம் 116 டோக்கன்களிலிருந்து 35 ஆகக் குறைந்தது. ஆங்கில வாக்கியம் 27இலிருந்து 24 ஆனது. முன்பு தமிழுக்கு நான்கு மடங்குக்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கூகுளின் ஜெம்மா மாதிரிகளும் இரண்டரை லட்சம் அளவிலான பட்டியலோடு வருகின்றன. மூன்று மடங்கு ஏறியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பழைய வெட்டும் கருவியுள்ள மாதிரியைத்தான் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அமைப்புக் கோப்பில் மாதிரியின் பெயர் இருக்கும் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

---

உப்பனாறு (கடலூர் முதுநகர்) – மறுமொழி

நான் சற்று மாறுபடுகிறேன். மாதிரிக்குத் தரும் கட்டளைகளை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். தரவைத் தமிழில் விட்டுவிட்டு, "இந்தச் சொல்லுக்கு இது பொருள், இதை மொழிபெயர்க்காதே" என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறது என்பது என் அனுபவம். தமிழில் கட்டளை எழுதினால் சில நேரம் மறந்துவிடுகிறது. மொழிப்பற்று வேறு, பிழைப்பு வேறு. வியாபாரி பார்க்கப் போவது விடையைத்தான், நாம் உள்ளே என்ன மொழியில் எழுதினோம் என்பதை அல்ல.

இன்னொரு யோசனை. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்துத் தகுதரமாக ஏற்ற டேஸ்-16 குறியீட்டில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரே குறிதானே? அதற்கு மாற்றி அனுப்பினால் டோக்கன் குறையாதா?

---

பாகூர் ஏரி (புதுச்சேரி) – மறுமொழி

முதலில் உப்பனாறு அவர்களின் இரண்டாவது யோசனைக்கு: குறையாது. டேஸ்-16, ஒருங்குறியில் அவரவர் விருப்பப்படி பயன்படுத்த விட்டுவைத்த தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குறிகளை இந்த மாதிரிகள் தம் பயிற்சியில் ஏறக்குறையப் பார்த்ததே இல்லை என்பதால் ஒவ்வொன்றும் மூன்று தனிப் பைட்டுகளாகச் சிதறும், பொருளும் புரியாது. அச்சுக்கு அது நன்றாக உழைத்த குறியீடு. இந்த வேலைக்கு உதவாது. கட்டளை ஆங்கிலத்தில் இருக்கலாம் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

கெடிலக்கரை அவர்களே, நீங்கள் கேட்ட இரண்டு வழிகளையுமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். கணக்குப் பிள்ளையின் வேலையை மாதிரியிடம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத் தெரிந்தது எழுத்தர் வேலை. வியாபாரி கேட்பது கூட்டல் கணக்கு. கூட்டுவதற்குத் தரவுத்தளம் இருக்கிறது, அதுவும் சல்லிக்காசு கேட்காமல் கூட்டும். மாதிரியிடம் பேரேட்டை அனுப்பவே வேண்டாம். அட்டவணையின் அமைப்பையும், எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்ற குறிப்பையும், வியாபாரியின் கேள்வியையும் மட்டும் அனுப்பி, அதற்கான எஸ்கியூஎல் வினவலை (தரவுத்தளத்துக்குப் புரியும் மொழியில் எழுதிய கேள்வி) எழுதித் தரச் சொல்லுங்கள். வினவலை உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். படிக்க மட்டும் அனுமதி உள்ள பயனர் கணக்கில் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒருநாள் எதையாவது அழித்துவைக்கும். ஆயிரக்கணக்கான வரிகள் போன இடத்தில் ஒரு பக்கம் போகும், அதிலும் திரும்பத் திரும்ப அனுப்பும் அமைப்புக் குறிப்புக்குப் பல நிறுவனங்கள் குறைந்த விலையே வாங்குகின்றன. விவசாயிகளின் பெயரும் கைமாற்று விவரமும் வெளியே போகாமல் இருப்பது இதில் கிடைக்கும் இன்னொரு நன்மை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்ட பிறகு அதையும் நினைத்துத்தான் ஆக வேண்டும்.

"தானே புயலுக்கு முந்தின ரெண்டு பருவம்" என்பதை 2010, 2011 மார்ச் முதல் ஜூன் வரை என்று புரிந்துகொள்வதும், "கொட்டை" என்றால் எந்தக் கட்டம் என்று பிடித்துக்கொள்வதும்தான் மாதிரிக்கு உரிய வேலை. அதை இன்றைய மாதிரிகள் பேச்சுத் தமிழிலிருந்தே நன்றாகச் செய்கின்றன. காலே, அரையே, முக்காலே என்று வருபவற்றுக்கு நீங்களே இருபது வரியில் ஒரு பட்டியல் எழுதி, தரவு உள்ளே நுழையும்போதே கிலோவாக மாற்றி வேறொரு கட்டத்தில் வைத்துவிடுங்கள். ஒன்றேகாலும் ஒன்றரையும் எழுத்தளவில் பாதிவரை ஒன்றாகவே போவதால் மாதிரி தடுமாறியதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அடித்துச் சொல்ல மாட்டேன். எப்படியிருந்தாலும் அளவையை ஊகத்துக்கு விடக்கூடாது.

உண்மையில் எனக்குக் கவலை தருவது உங்கள் பாமினிப் பதிவுகள்தான். இருபது ஆண்டுகளாகப் பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதே என் பிழைப்பு என்பதால் இதில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாமினிக் கோப்பில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். "அம்மா" என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள். அதிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என மூன்று விசைகள். மாற்றும் நிரல் முதலில் மூன்று விசைத் தொடர்களைத் தேடி மாற்றிவிட்டு, அதன்பின் இரண்டு விசைத் தொடர்களுக்குப் போக வேண்டும். தலைகீழாகப் போனால் கொம்பும் க-வும் சேர்ந்து "கெ" ஆகிவிடும், மீதமிருக்கும் கால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் பார்த்தால் அச்சு அசலாக "கொ" தான். ஆனால் உள்ளே உயிர்க்குறி ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருக்கும். ஒருங்குறித் தரப்படி இரண்டும் ஒன்றே என்றாலும், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும். அதற்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். உங்கள் வியாபாரி கேட்கும் ஊரின் பெயர் "கொ"-வில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா?

இந்தப் பிரிந்த வடிவத்தை ஒருங்குறி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்து ஒரே வரியில் சேர்த்துவிடலாம். பைத்தானில் அதற்கான நூலகம் கூடவே வருகிறது. சேர்க்க முடியாதது ஔகாரம். பாமினியில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ள என்ற எழுத்துக்கும் ஒரே விசை. "கௌரி" என்று அடித்தது "கெளரி" என்று மாறி நிற்கும், இயல்பாக்கம் அதைத் தொடாது. சரி, கொம்பும் ள-வும் வந்தால் ஔகாரமாக்கு என்று விதி எழுதினால் "தெளிவு" கெட்டுப்போகும். பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ள, வராவிட்டால் கையால் பார் என்பதுதான் நான் கண்ட வழி. ஒரு முந்திரிப் பேரேட்டில் அப்படிப்பட்ட சொற்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன, ஒரு மாலைப்பொழுது வேலை.

உங்கள் மாற்றும் நிரலை யார் எழுதியது?

---

கெடிலக்கரை – மறுமொழி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். மூவருக்கும் நன்றி.

முத்தியால்பேட்டையான் சொன்னது சரி. அமைப்புக் கோப்பில் 2023இல் எழுதிய மாதிரிப் பெயர் அப்படியே கிடந்தது. மாற்றியவுடன் டோக்கன் பாதிக்கும் கீழே வந்தது. பாகூர் ஏரி அவர்கள் சொன்னபடி பேரேட்டை அனுப்புவதையே நிறுத்திவிட்ட பிறகு அதுவும் ஒரு பொருட்டில்லாமல் போனது.

மாற்றும் நிரலை எழுதியது யார் என்ற கேள்விக்குச் சற்று வெட்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் தம்பி ஒரு நிரலாக்க உதவிக் கருவியிடம் விசைப் பட்டியலைக் கொடுத்து எழுதி வாங்கியது அது. இப்படி நிரலைப் படித்துப் பார்க்காமலே கருவியிடம் எழுதி வாங்குவதற்கு 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி "வைப் கோடிங்" என்று பெயர் வைத்தாரே, அந்தப் பெயர் வந்த பிறகு எங்கள் கடையிலும் அந்தக் காற்று வீசியது. கருவி நிரலோடு சேர்த்து நாற்பது சோதனைகளையும் எழுதித் தந்திருந்தது, நாற்பதும் தேறின. நேற்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் புரிந்தது: எதிர்பார்க்கும் விடை என்று அது எழுதி வைத்திருந்தது, அதே தவறான வரிசையில் அதே நிரல் தந்த வெளியீட்டைத்தான். கேள்வித்தாளையும் விடைத்தாளையும் ஒரே ஆள் எழுதித் தானே திருத்திக்கொண்ட கதை. திரையில் கண்ணால் ஒப்பிட்ட எங்களுக்கும் "கொ" சரியாகவே தெரிந்ததால் கையொப்பம் போட்டுவிட்டோம். இப்போது சோதனைகளில் எதிர்பார்க்கும் விடையை நானே தமிழ்99 விசைப்பலகையில் அடித்து வைத்திருக்கிறேன்.

ஊர்ப்பெயர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். கொள்ளுக்காரன்குட்டை நான்கு வேடத்தில் இருந்தது: பாமினியிலிருந்து வந்த பிரிந்த வடிவம், பின்னாளில் ஒருங்குறியில் அடித்த சேர்ந்த வடிவம், நடுவில் இடைவெளி விட்ட ஒன்று, "கொ.குட்டை" என்று சுருக்கிய ஒன்று. முதல் இரண்டும் இயல்பாக்கத்தில் ஒன்றாயின, மற்ற இரண்டையும் கையால் சேர்த்தேன்.

வியாபாரி தம் கேள்வியைத் தாமே கைப்பேசியில் சொல்லிக் கேட்டார். மூன்று எண்கள் வந்தன. "இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பேரேட்டை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தொட்டு அரை மணி நேரம் கூட்டினார். போன பருவம் ஒத்துப்போனது. 2011 ஒத்துப்போனது. 2010க்கு ஏழு மூட்டை குறைந்தது. வினவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எனக்குக் குறை தெரியவில்லை. கடைசியில் அவரே பேரேட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஊர்க் கட்டத்தில் முதல் வரியில் ஊர்ப்பெயர் எழுதி, அடுத்த வரிகளில் "மேற்படி", "மேற்படி" என்று இருந்தது. எங்கள் கணக்கர் அதைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை மேற்படி என்பது ஓர் ஊர். எல்லாப் பருவங்களிலும் அந்த ஊரிலிருந்து கொட்டை வந்துகொண்டிருக்கிறது.

அதை எப்படி நிரப்புவது என்று யாராவது சொல்ல முடியுமா? மேலே உள்ள வரியின் ஊரைப் போட்டால் போதும் என்று தம்பி சொல்கிறான்.

---

பாகூர் ஏரி – மறுமொழி

போதாது. "மேலே உள்ள வரி" என்பது காகிதத்தில் மேலே இருந்தது; தரவுத்தளத்தில் எந்த வரிக்கும் மேல் கீழ் கிடையாது. சிட்டை எண் வரிசையில் அடுக்கி, அதன்பிறகு நிரப்புங்கள். பக்கம் மாறும் இடத்தில் மேற்படி வந்தால் அதை மட்டும் தானாக நிரப்பாமல் தனியே ஒதுக்கி வையுங்கள், ஏனென்றால் பழைய கணக்கர்கள் பக்கத்தின் முதல் வரியில் மேற்படி போட மாட்டார்கள். அப்படி இருந்தால் நடுவில் ஒரு சிட்டை பதியப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று பொருள். நிரப்பியதை ஊர்க் கட்டத்தில் எழுதாமல் பக்கத்தில் புதிய கட்டம் ஒன்று வைத்து எழுதுங்கள். வியாபாரி மறுபடியும் பேரேட்டை எடுத்துக்கொண்டு வருவார்.